இங்கிலீஷ்ல 'எ' போடணுமா, 'ஆன்' போடணுமா? தமிழ்லயே விடை இருக்கு

(திரையில்: கரும்பலகை. 'ஆன் யூனிபார்ம்' என்ற விடை, அதன்மேல் சிவப்பு மை சுழி.)

ஆறாங்கிளாஸ் பையன் எழுதின விடைன்னு வைங்க. மிஸ் சுழிச்சுட்டாங்க. அவனுக்கு ஏன்னே புரியல. ஏ, ஈ, ஐ, ஓ, யூ, இந்த அஞ்சு எழுத்துல தொடங்கினா 'ஆன்' போடுன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க. யூனிபார்ம் 'யூ'வுலதானே தொடங்குது?

பையன் மேல தப்பு இல்ல, சொல்லிக்கொடுத்த விதி அரைகுறை. இங்க ஆங்கிலம் எழுத்தைப் பாக்காது, ஓசையைப் பாக்கும்.

(திரையில்: ஓர் ஊர் / ஒரு வீடு)

இதே சங்கதி தமிழ் பீரியட்ல வந்திருக்கும். உயிரெழுத்துக்கு முன்னாடி 'ஓர்', உயிர்மெய்க்கு முன்னாடி 'ஒரு'. ஓர் இலை, ஒரு மரம். (பேச்சுல 'ஒரு இலை'ன்னுதான் எல்லாரும் சொல்றோம், நான் உட்பட. எழுத்துலதான் இந்தக் கட்டுப்பாடு.) 'ஆன்' இருக்கிற இடத்துல 'ஓர்', 'எ' இருக்கிற இடத்துல 'ஒரு'. ரெண்டு மொழியிலயும் அது ஒண்ணுங்கிற எண்ணுலேர்ந்து வந்த சொல்தான். ஆங்கிலத்துல முதல்ல இருந்தது 'ஆன்'. மெய்யொலிக்கு முன்னாடி கடைசி 'ன்' உதிர்ந்து 'எ' ஆச்சு.

அதனால ஒரு குறுக்கு வழி. சந்தேகம் வந்தா அந்தச் சொல்லைத் தமிழ்ல எழுதிப் பாருங்க.

யூனிபார்ம். முதல் எழுத்து 'யூ', அது உயிர்மெய். அப்போ 'எ யூனிபார்ம்'. யுனிவர்சிட்டியும் அப்படித்தான்.

ஒரு மணி நேரத்துக்கு ஆங்கிலத்துல 'அவர்'. ஸ்பெல்லிங் 'எச்'சுல தொடங்கும், ஆனா வாயில வர்றது 'அ'. 'ஆன் அவர்'.

எம்.எல்.ஏ.? முதல் எழுத்து 'எ', அது உயிர். 'ஆன் எம்.எல்.ஏ.' எக்ஸ்ரேவும் அதே கணக்கு.

ரெண்டு இடத்துல இந்த வழி காலை வாரும். 'ஒன்'னுன்னு நாம எழுதுற சொல்லுக்கு ஆங்கில உச்சரிப்பு 'வன்'. அதனால 'எ ஒன் ருபீ காயின்'தான் சரி. இன்னொண்ணு 'ஓட்டல்'. 'ஹோட்டல்'னு சொல்லிப் பாருங்க, 'எ' வந்துடும். பழைய காலத்து ஆங்கிலேயர் சிலர் 'ஆன் ஹோட்டல்'னும் எழுதியிருக்காங்க; பரீட்சையில அதை நம்பி இறங்காதீங்க!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில 1968-லேர்ந்து இருமொழிக் கொள்கை. ரெண்டு மொழியும் படிக்கிறது ஒரே பிள்ளைதான். ஆனா தமிழ் ஐயா பீரியட்ல வந்த 'ஓர்', அடுத்த பீரியட்ல இங்கிலீஷ் மிஸ் வாயில வர்றதே இல்ல. பக்கத்துப் பக்கத்து பீரியட்தான்.

கூடவே ஒரு லாபம். 'ஆன்' வர்ற இடத்துலதான் 'த'ங்கிறதும் 'தி'ன்னு மாறும். த புக், தி ஆப்பிள்.

இப்ப நீங்க சொல்லுங்க. எல்.இ.டி. பல்பு, யு.பி.எஸ்., ஹானஸ்ட் மேன். எதுக்கு எது?

(5 விநாடி இடைவெளி.)

ஆன், எ, ஆன். கடைசிச் சொல்லுல 'ஹ' வாயில வரவே வராது, 'ஆனஸ்ட்'தான்.