சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். "சென்னைக்குக் கிட்ட இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா?" என்று வகுப்பில் கேட்பேன். எல்லாக் கையும் மதுரைக்குத்தான் உயரும். உடனே அளவுகோலைக் கொடுத்து, படத்தில் அளக்கச் சொல்வேன். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி 355தான். சென்னையும் யாழ்ப்பாணமும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியவை. சென்னைக்கு நேர் தெற்கே யாழ்ப்பாணம்.

டிக்கெட்டில் பயண நேரம் ஒன்றேகால் மணி என்று போட்டிருப்பார்கள். இந்தத் தடத்தில் ஓடும் ஏ.டி.ஆர். என்னும் சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடியது. அப்படியானால் முக்கால் மணியே போதாதா என்று கேட்பீர்கள். பறக்கும் நேரம் மட்டும் டிக்கெட்டில் இருப்பதில்லை. நிற்கிற இடத்தைவிட்டு விமானம் நகர்ந்ததுமே கணக்கு தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. தூரம் குறையக் குறைய இந்தச் செலவுதான் பெரிதாகத் தெரியும். கொழும்புக்கு 645 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் ஜெட் விமானத்தில் போனால் நேரம் இதைவிடக் கொஞ்சம்தான் கூடும். இரு நாட்டுக்கும் 2006 முதல் கடிகாரம் ஒன்று என்பதால், டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடம் புதிதல்ல. 1947 டிசம்பரில் இலங்கையின் விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. பிறகு போர் வந்தது, வழி அடைபட்டது.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார். அக்கா இறந்த செய்தி வந்தபோது கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் 400 கிலோமீட்டர் வடக்கே போய்ச் சேர்ந்தார். செத்த வீடு முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்கட வீட்டுக்கு மேலால பறந்து போய்த்தான் பிறகு திரும்பி வரவேணும்."

வருத்தத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி அட்லஸை விரித்து, மீனம்பாக்கத்தையும் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவையும் ஒரு கோட்டால் இணைத்தேன். கோடு யாழ்ப்பாண நகரத்தின் மேலேயே போயிற்று. அத்தனை வருஷம் பூகோளம் நடத்தியும் அந்தக் கோட்டை நான் போட்டுப் பார்த்ததில்லை.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அடுத்த வருஷம் அந்த அம்மா அதில் போனார். காலையில் நானே ஏற்றிவிட்டு வந்தேன். மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வந்திட்டன் தம்பி. அக்காவின்ர மகள் சோறு போடுறாள்."