பாட்டு ஓடுகிறது, நிலையம் ஓடவில்லை

வணக்கம். தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர், “கன்ட்ரி மியூசிக் என்றால் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டாரோடு பாடுவார்களே, அதுதானே?” என்று கேட்டார். அதேதான் ஐயா. ஃபிடில், ஸ்டீல் கிட்டார், லாரி ஓட்டுகிறவனின் தனிமை, விட்டுப்போன மனைவி, ஞாயிற்றுக்கிழமை சர்ச். டென்னசி மாநிலத்து நாஷ்வில்தான் அதற்குத் தலைநகர். ஆனால் நான் பேச வந்தது அந்தப் பாட்டைப் பற்றி அல்ல. அதை நியூயார்க்கில் ஒலிபரப்பப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட வானொலி நிலையங்களைப் பற்றி.

1997 ஆகஸ்ட் 7 அன்று மன்ஹாட்டனின் சென்ட்ரல் பார்க்கில் கன்ட்ரிப் பாடகர் கார்த் புரூக்ஸ் இலவசமாகப் பாடினார். எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. குறைத்துச் சொல்கிறவர்கள்கூட லட்சக்கணக்கில்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்த நகரத்தில் முழு வீச்சுள்ள கன்ட்ரி நிலையம் ஒன்றுகூட இல்லை. கடைசியாக இருந்ததை ஒன்றரை வருடம் முன்னால்தான் மூடியிருந்தார்கள். புறநகர்களில் 107.1 அலைவரிசையில் சில சின்ன நிலையங்கள் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தன, மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு நடுவே அது சரியாக எட்டாது. புல்தரையில் இடம்பிடிக்க லட்சம் பேர் வருகிறார்கள், ஒரு நிலையத்தை நடத்த முடியவில்லை என்கிறார்கள். இது எப்படி?

கொஞ்சம் பின்னால் போவோம். 1973 இல் டபிள்யூஎச்என் என்ற ஏஎம் நிலையம், 50,000 வாட் சக்தி கொண்டது, கன்ட்ரிக்கு மாறியது. நாட்டிலேயே அதிகம் பேர் கேட்கும் கன்ட்ரி நிலையம் என்று பெயர் வாங்கியது. நாஷ்வில் இல்லை, டல்லாஸ் இல்லை, நியூயார்க்! கணக்கு எளிது. சின்ன ஊரில் பாதிப் பேர் கேட்டாலும் சில ஆயிரம்தான். நியூயார்க்கில் நூற்றுக்கு நாலு பேர் கேட்டாலே லட்சக்கணக்கு. பெரிய நகரத்து நிலையத்துக்கு இந்தக் கணக்குதான் ஆசையும் காட்டியது, ஆளையும் கவிழ்த்தது.

1980 இல் ஜான் ட்ரவோல்டா கௌபாய் தொப்பியோடு டெக்சாஸ் பாரில் ஆடிய படம் வந்தது. ஊரெல்லாம் பூட்ஸ் வாங்கினார்கள். 106.7 இல் அருமையான ஜாஸ் நிலையம் ஒன்று இருந்தது. அதைக் கலைத்துவிட்டு அந்த வருடமே கன்ட்ரி போட்டார்கள். ஜாஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். மோகம் தணிந்தது, 1984 ஜனவரியில் 106.7 மெல்லிசைக்குப் போய்விட்டது. இன்றுவரை அங்கே மெல்லிசைதான். ஜாஸும் போயிற்று, கன்ட்ரியும் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றும்.

டபிள்யூஎச்என் கதை வேறு. பாட்டு கேட்கிற கூட்டம் ஏஎம்மிலிருந்து ஒலி துல்லியமான எஃப்எம்முக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நிலையத்திடம் மெட்ஸ் பேஸ்பால் அணியின் நேர்முக வர்ணனையும் இருந்தது. 1986 இல் மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. புது முதலாளி எது காசாகும் என்று பார்த்தார். 1987 ஜூலை 1 அன்று அந்த நிலையம் இருபத்துநாலு மணிநேர விளையாட்டுப் பேச்சு நிலையமாயிற்று. டபிள்யூஎஃப்ஏஎன் என்று இன்றும் பேர் போடுகிறதே, அதுதான்.

உடனே 97.1 எஃப்எம்மில் டபிள்யூஒய்என்ஒய் கன்ட்ரியைக் கையிலெடுத்தது. அடுத்த வருடமே முதலாளிகள் கைமாற்றிக்கொண்டதில் அது 103.5க்குக் குடிபெயர்ந்தது. (காலி செய்த 97.1 பின்னால் ஹிப் ஹாப்பின் கோட்டையாகிப் புகழ்பெற்றது தனிக் கதை.) 1996 பிப்ரவரியில் 103.5 திடீரென்று டான்ஸ் பாட்டுக்கு மாறியது, டபிள்யூகேடியூ என்ற பழைய பெயரைத் தூசுதட்டி எடுத்து. சில மாதங்களிலேயே நகரத்தில் முதலிடம். அதே கோபுரம், அதே அலைவரிசை, பாட்டு மட்டும் வேறு. அதற்கப்புறம் பதினேழு வருடம், அந்தப் புறநகர்ச் சின்ன நிலையங்களை விட்டால், எந்த முதலாளியும் நியூயார்க்கில் கன்ட்ரி என்று வாய் திறக்கவில்லை. கன்ட்ரிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. அதே இடத்தில் வேறு கடை போட்டால் வாடகை இன்னும் அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, இந்த முதலிடம், கடைசி இடம் எல்லாம் யார் சொல்வது? நீண்ட காலம் ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தைத் தபாலில் அனுப்பும். ஒரு வாரம் என்னென்ன கேட்டீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். மனிதன் என்ன செய்வான்? வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவான். பிடித்த நிலையத்தைக் “காலை முதல் மாலை வரை” என்று போட்டுவிடுவான். கன்ட்ரி ரசிகர்கள் விசுவாசக்காரர்கள். நோட்டுப்புத்தகம் விசுவாசத்துக்கு மார்க் போட்டது.

2008 இல் நியூயார்க்கில் கருவி வந்தது. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பேஜர் அளவுப் பெட்டி. நிலையங்கள் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத குறி ஒன்றைக் கலந்து அனுப்பும், பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் விரும்பிக் கேட்டதா, மளிகைக்கடையில் ஓடியதா என்று அதற்குத் தெரியாது. காதில் விழுந்தால் கணக்கு. சுற்றுவட்டாரத்தின் கோடிக்கணக்கான மக்களுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் பேர்தான் பெட்டி சுமக்கிறார்கள். வானொலி கேட்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று பங்கு வாங்கும் நிலையத்துக்கு, கன்ட்ரி கேட்கிற ஒரு குடும்பம் அந்தக் குழுவிலிருந்து விலகினாலே எண் ஆட்டம் காணும். கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழியினர் சரியாக எண்ணப்படவில்லை என்று நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞரே அந்த வருடம் வழக்குப் போட்டார். சில மாதத்தில் சமரசம் ஆனது. அதாவது தராசைப் பற்றியே தகராறு. ஆனால் விளம்பரக்காரர் அந்தத் தராசைத்தான் பார்க்கிறார்.

தராசு மாறியதும் சமையலும் மாறியது. கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டால் முழுக் கால் மணியும் உங்கள் கணக்கில் என்பது பல காலம் நடந்த விதி. ஆகவே விளம்பரத்தைப் பத்தாவது நிமிடம் தொடங்கி இருபதாவது நிமிடம் முடித்தால், ஓடிப்போன ஆளும் முதல் கால் மணிக்குக் கணக்கு, திரும்பி வந்தால் இரண்டாவதுக்கும் கணக்கு. நீங்கள் முள்ளைத் திருப்பினால் இரண்டு நிலையங்களிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் ஓடுகிறதே, எரிச்சலாக இருக்கிறதே, காரணம் இதுதான். தெரியாத பாட்டு வந்தால் ஆள் ஓடிவிடுவான் என்ற பயத்தில் பாட்டுப் பட்டியல் சுருங்கியது. அறிவிப்பாளர் பேச்சும் சுருங்கியது. கீத் ஹில் என்ற ஆலோசகர் 2015 இல் ஒரு படி மேலே போனார்: பெண் பாடகிகளை அடுத்தடுத்துப் போடாதீர்கள், அவர்கள் சாலட்டில் தக்காளி மாதிரி, கீரை ஆண்கள் என்றார். பெரிய ரகளை ஆயிற்று. அவர் சொன்னது அசட்டுத்தனம் என்பது என் கருத்து. ஆனால் பல நிலையங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே.

இந்தச் சூழலில்தான் 2013 ஜனவரியில் 94.7 வந்தது, நாஷ் எஃப்எம் என்ற பெயரில். அதற்கு முன் அந்த அலைவரிசை ஒரு மதப் பிரசார அமைப்பிடம் இருந்தது. 2011 மே 21 அன்று தீர்ப்பு நாள் என்று உலகமெல்லாம் விளம்பரப்பலகை வைத்தார்களே, அவர்கள்தான். அந்த நாள் சும்மா கடந்தது, அடுத்த வருடம் நிலையம் விலைக்கு வந்தது. வாங்கியது கியூமுலஸ் என்ற பெரிய வானொலிக் கம்பெனி. உலகம் அழியாததால் நியூயார்க்குக்குக் கன்ட்ரி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் முதல் நாளே இருந்தது. ஒலிபரப்புக் கோபுரம் நியூஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்ச் மலையில். கன்ட்ரி கேட்கும் கூட்டம் கணிசமாக இருந்தது எதிர்ப்பக்கம், லாங் ஐலண்டில். கிழக்கே போகப் போக ஒலி மங்கும். கொஞ்ச நாளில் காலை நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கும் பொதுவாக நாஷ்வில்லிலிருந்து அனுப்பினார்கள். நியூயார்க்கில் காலை வானொலி என்றால் எந்தப் பாலத்தில் நெரிசல், எந்த ரயில் நின்றுவிட்டது என்பதுதான் பேச்சு. டென்னசியில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிச் சொல்வார்? பின்னால் உள்ளூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் கடன் கழுத்தை நெரித்து, 2017 இல் கியூமுலஸ் திவால் பாதுகாப்பு கேட்டது. 2019 இல் நிலையத்தை என்டர்காம் என்ற இன்னொரு வானொலிக் கம்பெனிக்கு மாற்றிக்கொடுத்தது. 2021 அக்டோபரில் 94.7 பழைய ஹிப் ஹாப்புக்குப் போனது.

லாஸ் ஏஞ்சலிஸிலும் 2006 ஆகஸ்டில் இதே காட்சி நடந்தது; கேஇசட்எல்ஏ என்ற நிலையம் ஒரே நாளில் கன்ட்ரியைக் கைவிட்டது. ஆனால் அங்கே சால் லெவின் என்று ஒரு மனிதர் இருந்தார். 1959 இல் தானே தொடங்கிய 105.1ஐ விற்காமல் வைத்திருந்தவர். சந்தையில் இடம் காலி என்று பார்த்து, 2007 பிப்ரவரியில் அதைக் கன்ட்ரிக்கு மாற்றினார். பெரிய கம்பெனிக்குப் போதாத பங்கு ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். அந்த நிலையம் நிலைத்தது. பலியானது அதுவரை அங்கே ஒலித்த மேற்கத்திய செவ்வியல் இசை. அந்த ரசிகர்களிடம் போய் இதை வெற்றிக்கதை என்று சொல்லிவிடாதீர்கள்.

94.7 கைவிட்ட இரண்டே வருடத்தில், 2023 ஆகஸ்டில், அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் கன்ட்ரிப் பாடகர்கள் பிடித்தார்கள். 2024 மே மாதம் அவர்களில் ஒருவரான மார்கன் வாலன் நியூஜெர்சியின் மெட்லைஃப் அரங்கத்தில் பாடினார். அரங்கம் விட்டு வண்டியை எடுத்துத் தெற்கே போனவர்களுக்குப் பாதி வழியில் பிலடெல்பியாவின் 92.5 கிடைத்திருக்கும், 1984 முதல் அங்கே கன்ட்ரிதான். லாங் ஐலண்ட் போனவர்களுக்குக் கடைசியில் ஏதாவது ஒரு சின்ன நிலையம். ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டன் போனவர்கள் போனைத்தான் செருகிக்கொண்டிருப்பார்கள்.