ஜேசன் ஐசக்ஸுக்கு ஒரு வணக்கம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பேட்டியின் நடுவே ரசிகர்களுக்கு மட்டும் புரியும் குறிப்பை நுழைப்பது உறவா, உபத்திரவமா?’ என்பது தலைப்பு. உறவே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். “மைக் பொதுமக்களுடையது. பத்துப் பேர் சிரிப்பதற்காகப் பத்து லட்சம் பேரை முழிக்க வைப்பது என்ன நியாயம்?” என்றார். முழிக்க வைத்தால் தப்புதான் அம்மா, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உண்மையிலேயே யார் முழித்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

பிபிசியின் ரேடியோ 5 லைவில் மார்க் கெர்மோட், சைமன் மேயோ என்று இரண்டு பேர் வாராவாரம் சினிமா விமர்சனம் செய்தார்கள். நடிகர் ஜேசன் ஐசக்ஸ் கெர்மோடோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர். ஹாரி பாட்டர் படங்களில் வெள்ளை முடியோடு வரும் லூசியஸ் மால்ஃபாய், அவரேதான். அவர் நடித்த படத்தைப் பற்றிப் பேசும்போது, கூடப் படித்தவன் என்ற உரிமையில் கெர்மோட் “ஜேசன் ஐசக்ஸுக்கு ஒரு வணக்கம்” என்றார். அடுத்தடுத்தும் சொன்னார். நேயர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் எழுதினால் அந்த வரி, ஸ்டுடியோவுக்கு விருந்தினராக வந்த நடிகர்கள் வாயிலும் அந்த வரி. 2022 ஏப்ரலில் அந்த நிகழ்ச்சி பிபிசியை விட்டு வெளியேறியபோதும் வணக்கம் கூடவே போனது.

ஒரு நேயர் தன் ஊர் வெள்ளத்தைப் பற்றி உள்ளூர் வானொலிக்குப் பேட்டி கொடுக்கிறார் என்று வையுங்கள். தண்ணீர் எவ்வளவு ஏறியது, எந்தச் சாலை மூடியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் “ஜேசன் ஐசக்ஸுக்கும் ஒரு வணக்கம்” என்கிறார். கேட்பவர் எதை இழந்தார்? சொந்தக்காரர் யாரோ என்று நினைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். ஆனால் எங்கோ காரில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு நேயருக்கு அந்த நாள் விடிந்துவிடும். கேட்டவருக்கு முழுப் பதில், தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு சிரிப்பு. இரட்டுற மொழிதலைக் கலையாகக் கொண்டாடிய மொழியில் நின்றுகொண்டு இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படம் வெளியாகும் நேரத்தில் நட்சத்திரப் பேட்டிகள் எப்படி நடக்கின்றன என்று யோசியுங்கள். ஒரு ஹோட்டல் அறை. பின்னால் படத்தின் போஸ்டர். ஒரு நிருபருக்கு நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். கதவோரம் மக்கள் தொடர்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். “இந்தக் கதாபாத்திரத்தில் உங்களைக் கவர்ந்தது எது?” காலையில் இருந்து அதே கேள்வி, அதே பதில். அந்த இயந்திரத்துக்குள் ஒரு நிருபரும் நடிகரும் ஒரு பழைய நகைச்சுவை வரியைப் பகிர்ந்துகொண்டு கண்ணால் சிரித்தால், அன்று முழுக்க அந்த அறையில் நடந்த ஒரே நிஜமான உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

கரோல் பர்னெட் என்று ஓர் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். அவரை வளர்த்தது பாட்டி. தொலைக்காட்சியில் தோன்றும்போது அவர் இடது காதைப் பிடித்து லேசாக இழுப்பார். பாட்டிக்கு அவர் சொல்லும் வணக்கம் அது. நாடு முழுக்கப் பார்த்த நிகழ்ச்சியில் ஒரே ஒருவருக்கான சைகை! பாட்டி போன பிறகும் அவர் அதை விடவில்லை. தெரிந்துகொண்ட ரசிகர்கள் அதை ஒதுக்கப்பட்ட வருத்தத்தோடா பார்த்தார்கள்? தங்கள் வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொண்டல்லவா பார்த்தார்கள்!

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். 1994 ஜூன் 17. வெள்ளை பிரோங்கோ காரில் கொலை வழக்கில் தேடப்பட்ட முன்னாள் விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன், பின்னால் போலீஸ். அமெரிக்காவே டிவி முன்னால். ஏபிசி தொலைக்காட்சியில் செய்தியாளர் பீட்டர் ஜென்னிங்ஸ் நேரலையில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்து சிம்ப்சனைப் பார்க்கிறேன் என்று ஒருவர் தொலைபேசியில் வந்தார். கடைசியில் “பாபா பூயி” என்றார். ஹவர்ட் ஸ்டெர்ன் என்ற வானொலிக்காரரின் தயாரிப்பாளர் 1990-இல் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் பெயரைத் தப்பாகச் சொல்லி, அதுவே அவருக்குப் பட்டப்பெயராகி, ரசிகர்களின் முழக்கமும் ஆன சொல் அது. வந்தவர் பார்த்த சாட்சி இல்லை, விளையாட்டுக்கு அழைத்தவர்.

சகோதரி இதைத்தான் சொன்னார். ‘பாருங்கள், செய்தி கெட்டது’ என்றார். ஐயா, அந்த அழைப்பில் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று பொய்: ‘நான் பார்க்கிறேன்’ என்றது. மற்றது அந்தச் சொல். செய்தியைக் கெடுத்தது எது? பொய். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது வெட்கக்கேடு. ஆனால் பொய்யைக் காட்டிக்கொடுத்தது எது? அந்தச் சொல்! ஜென்னிங்ஸுக்கு அது புரியவில்லை. அதே நேரலையில் இருந்த விளையாட்டு வர்ணனையாளர் ஆல் மைக்கேல்ஸுக்குப் புரிந்தது. இது ஒரு வானொலிக்காரரின் ஆட்கள் பயன்படுத்தும் சங்கேதம், அழைப்பு போலி என்று அங்கேயே சொன்னார். பாபா பூயி வராமல் இருந்திருந்தால் அந்தப் பொய் சாட்சியமாகவே பதிவாகியிருக்கும். நீங்கள் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறது, சகோதரி.

‘தெரியாதவனை ஒதுக்குகிறது’ என்ற குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 18-இல் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. நான்கு நாள் கழித்துப் பத்திரிகையாளர் சந்திப்பு. நாசாவின் தரையிறக்கப் பொறுப்பாளர் ஆலன் சென் வீடியோவை விளக்கிக்கொண்டே வந்தவர், சில சமயம் மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று எங்கள் வேலையில் செய்திகளை விட்டுவைப்போம், நீங்களும் முயன்று பாருங்கள் என்றார். அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்கள் அதுவரை ஏறக்குறைய ஆறு பேர். 21.5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டைகள். சில மணி நேரத்தில் விண்வெளி ரசிகர்கள் அதை 0, 1 என்று படித்து, ‘துணிந்து பெரும் செயல் செய்’ என்ற பொருள்படும் வாசகத்தை வெளியே எடுத்துவிட்டார்கள். தியடோர் ரூஸ்வெல்ட்டின் பேச்சில் இருந்து எடுத்து, கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் தனக்கென வைத்துக்கொண்ட வாசகம். வெளி வட்டத்தில் அந்த ஆய்வகத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்! பாராசூட்டை ஏறெடுத்தும் பார்த்திருக்காத பிள்ளைகள் அன்றைக்கு இரும எண்கள் கற்றுக்கொண்டார்கள். இது கதவைச் சாத்துகிற வேலையா?

லிதுவேனியாவைச் சொல்லாமல் இறங்க மாட்டேன், மணி அடித்தாலும் ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா. 1988 சோல் ஒலிம்பிக்கில் சோவியத் கூடைப்பந்து அணி தங்கம் வென்றபோது அதன் தூண்களாக நின்றவர்கள் சபோனிஸ், மார்சியுலியோனிஸ் போன்ற லிதுவேனியர்கள். நாடு தனியானது, கையில் காசில்லை. சொந்தக் கொடியோடு 1992 பார்சிலோனாவுக்குப் போக வேண்டும். கை கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு. பணத்தோடு டி-ஷர்ட்டும் வந்தது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த, நம் சுங்குடியின் தூரத்துச் சொந்தம் போன்ற சட்டை. அதில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அவர்கள் கொடியின் நிறங்கள். நடுவில் பந்தைக் கூடையில் அறையும் எலும்புக்கூடு. எலும்புக்கூடு அந்தக் குழுவின் ரசிகர்களுக்குப் பழகிய சின்னம், மற்றவர்களுக்கு வெறும் எலும்புக்கூடு.

வெண்கலப் போட்டியில் எதிரே நின்றது முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணி. 82–78, லிதுவேனியா வென்றது. பதக்க மேடைக்கு அந்தச் சாயச் சட்டையோடு ஏறினார்கள். உலக கேமராக்கள் எல்லாம் அந்த எலும்புக்கூட்டின் மேல். ‘இது என்ன சட்டை?’ என்று கேட்காத நிருபர் உண்டா? கேட்டார்கள். பதிலில் ஒரு சின்ன நாட்டின் வறுமையும் விடுதலையும் வெளியே வந்தது. ரசிகர்களுக்கான குறிப்பு, புரியாதவனைக் கேள்வி கேட்க வைத்து, ஒரு தேசத்தின் கதைக்குள் கூட்டிக்கொண்டு போனது.

அடுத்து எதிரணியில் இருந்து பேச வரும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லி, கூடவே ஒரு குறிப்பையும் வைத்த பேட்டி ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள். அதில் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் போன தகவல் இன்னது என்று இந்த மேடையில் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

நடுவர் ஐயாவுக்கும், சபைக்கும், தவறாமல் ஜேசன் ஐசக்ஸுக்கும், வணக்கம்.