இன்னொரு தடவை கேளுங்கள்

(ராயபுரத்தில் ஒரு படிப்பகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அக்கா தங்கைகளே, பின்னால் நிற்கிற தம்பிகளே, வணக்கம். "அமெரிக்காவில் ரெண்டு பேர் டிவியில் சண்டை போட்டால் தண்டையார்பேட்டைக்கு என்னண்ணே?" என்று உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான்.

2024 ஜூன் 27 இரவு அட்லாண்டாவில் அதிபர் தேர்தலுக்கான டிவி விவாதத்தில் பைடனும் டிரம்பும் நேருக்கு நேர் நின்றார்கள். நமக்கு அது மறுநாள் காலை ஆறரை மணி. 90 நிமிடம். அரங்கில் பார்வையாளர் இல்லை, கைதட்டல் இல்லை. ஒருவர் முறை வரும்போது மற்றவர் மைக்கை அணைத்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு நம் ஊருக்கு வந்தால் பாதிப் பேச்சாளர்களுக்குப் பிழைப்பு போய்விடும், அது வேறு கதை.

பைடன் தடுமாறினார், குரல் கம்மியது. எல்லோரும் அதையே பேசினார்கள். ஜூலை 21-ல் அவர் போட்டியிலிருந்தே விலகினார். அன்றைக்கு ஜெயித்தது யார் என்றால் டிரம்ப்தான், சரி. ஆனால் ஓட்டுப் போடுகிறவனாக உட்கார்ந்து பார்த்த எனக்கு உறுத்தியது வேறு இடம்.

வேலைக்குப் போகிற பெற்றோருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு கட்டுப்படியாகவில்லை, என்ன செய்வீர்கள் என்று நெறியாளர் கேட்டார். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகிற அம்மாவுக்கும் இதே கேள்விதான். அந்த நேரத்தில் எந்தப் பால்வாடி திறந்திருக்கும்? டிரம்ப், தான் யாரை ஏன் வேலையைவிட்டு நீக்கினேன் என்று சொல்ல ஆரம்பித்தார். பைடன், மோசமான அதிபர் யார் என்ற சண்டைக்குப் போய்விட்டார். நெறியாளர் விடவில்லை, அதையே மறுபடி கேட்டார். அப்போதுதான் பைடன் வரிச்சலுகை பற்றி ஓரிரு வரி சொன்னார். டிரம்ப் அப்போதும் சொல்லவில்லை. அப்புறம் இருவரும் கோல்ஃப் ஆட்டத்தில் யார் கெட்டி என்று வாக்குவாதம் செய்தார்கள். அதற்கு மட்டும் நேரம் இருந்தது!

தேர்தல் முடிவை ஏற்பீர்களா என்று டிரம்பிடம் கேட்டபோதும் அப்படித்தான். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் 'நேர்மையாக நடந்தால் ஏற்பேன்' என்று நிபந்தனையோடு பதில் வந்தது. அந்த நிபந்தனையே ஒரு தகவல் அல்லவா? முதல் கேள்விக்கு யாரும் தயாராக வரலாம். திருப்பிக் கேட்கும்போதுதான் ஆள் யாரென்று தெரிகிறது.

நம் டிவி விவாதங்களில் வேட்பாளர் வருவதில்லை, செய்தித் தொடர்பாளர்தான் வருகிறார். அவருக்கா ஓட்டுப் போடப் போகிறோம்? 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியும் ராகுலும் பொதுமேடையில் விவாதிக்கட்டும் என்று கடிதம் எழுதினார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடக்கவில்லை.

டெல்லி கிடக்கட்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து படகும் வலையும் பாழானது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேடு எத்தனை தேர்தலைப் பார்த்திருக்கிறது! இதையெல்லாம் கேட்டால் 'நடவடிக்கை எடுப்போம்' என்பார்கள். என்ன நடவடிக்கை, எந்தத் தேதிக்குள் என்று நாம் அடுத்துக் கேட்பதில்லை. மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம்.

1949-ல் இதே ராயபுரத்தில், ராபின்சன் பூங்காவில், மழையில் நின்று ஒரு கட்சியின் தொடக்கக் கூட்டத்தைக் கேட்ட ஊர் இது. நமக்குக் கேட்கும் பொறுமை உண்டு, திருப்பிக் கேட்கும் பழக்கம்தான் வரவேண்டும்.

அதனால் வரும் தேர்தலில் எல்லா வேட்பாளருக்கும் இங்கே வந்து பதில் சொல்லச் சொல்லிக் கடிதம் கொடுப்போம். ஆளுக்கு இரண்டு நிமிடம், மூன்றே கேள்வி, பதில் வராவிட்டால் அதே கேள்வி மறுபடியும். வராதவர்களின் பிரமாணப் பத்திரத்தை, வழக்கு, சொத்து எல்லாம் சேர்த்து, இங்கேயே வாசிப்போம். கேள்வி வைத்திருப்பவர்கள் சீட்டில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். மைக்செட் வாடகையையும் அவரே சொல்வார்.