மோகோ பேகே

சின்ன வயதில் க-பாஷை பேசாதவர்கள் இந்த அவையில் அதிகம் இருக்க மாட்டீர்கள். 'நீ வா' என்பதை 'கநீ கவா' என்போம். பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் விழிப்பார்கள். எங்கள் தெருவில் 'அம்மா' வந்தால் மட்டும் சண்டைதான். 'கஅ கம் கமா' என்பான் ஒருவன். 'கஅம் கமா' என்பான் இன்னொருவன். முதலாமவன் எழுத்தை எண்ணினான், மற்றவன் அசையை எண்ணினான். இரண்டு பேருமே அப்போது இலக்கணப் புத்தகத்தைத் தொட்டதில்லை!

மொரீஷியஸ் கிரியோலில் இதே மாதிரி ஒரு விளையாட்டு உண்டு. பெயர் 'மடாம் செரே'. அந்த மொழி பிரெஞ்சு ஆட்சியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வாயில் உருவானது. சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, ஒலி வேறு. பூனைக்குப் பிரெஞ்சில் 'ஷா', கிரியோலில் 'சாத்'.

'மோ பே மான்ஸே' என்றால் 'நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்'. விளையாட்டில் அது 'மோகோ பேகே மான்கான் ஸேகே' ஆகிறது. (இந்த 'க'வை 'கங்கை'யின் முதல் எழுத்தாகச் சொல்லுங்கள். 'ஸே'யில் கொஞ்சம் வண்டின் ரீங்காரம் சேருங்கள். நம் எழுத்துக்கு அது எட்டாது.) ஒவ்வொரு அசைக்குப் பின்னும் ஒரு 'க்', அதன்மேல் அந்த அசையின் உயிர் மறுபடி. 'மோ'வில் மகரம் திரும்பி வரவில்லை, ஓகாரம் மட்டும் வருகிறது. ஆனால் 'மான்' 'மான்கான்' ஆகும்போது மூக்கொலியும் கூடவே வந்துவிடுகிறது பாருங்கள். அப்படியானால் அங்கே 'ன்' தனி மெய்யாக இல்லை. உயிரே மூக்கால் ஒலிக்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது எத்தனை பேர் உதட்டை மூடுகிறோம்? ஆனால் 'மரமா?' என்று கேட்டால் மகரம் முழுசாகத் திரும்பிவிடும். நம்மிடம் மெய் ஒளிந்திருக்கிறது.

ஒருவர் மறுக்கலாம்: "உயிரோடு பின்னால் வரும் மெய்யையும் சேர்த்தே அந்தப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்களோ?" நியாயமான கேள்வி. அதற்கும் விளையாட்டையேதான் கேட்க வேண்டும். 'சாத்' கொடுங்கள். 'சாகாத்' என்றால் உயிர் மட்டும் திரும்புகிறது, நான் சொன்னது நிற்கும். 'சாத்காத்' என்றால் மறுத்தவர் பக்கம் நியாயம்.

இன்னொரு ஜோடியும் கையில் இருக்கட்டும். கிரியோல் எழுத்தில் ஒரு 'ன்' போட்டால் மூக்குயிர், இரண்டு போட்டால் உண்மையான மெய். ஒற்றை 'ன்' போட்ட 'பான்' பெஞ்சு. இரட்டை போட்டது நம் 'கள்' விகுதியின் வேலையைச் செய்யும் சொல். மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸ் போகிறவர்கள், பள்ளி விடும் நேரத்தில் இந்த இரண்டையும் ஒரு பிள்ளையிடம் மடாம் செரேயில் சொல்லச் சொல்லுங்கள்.