இடக்கையில் தங்கியிருக்கும் ஊர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பியானோ மரபை இன்று சுமந்து வருகிறவர்களில் ஒருவரான ஜான் கிளியரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். 1962-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்து, பதின்வயதிலேயே, 1980 வாக்கில், அந்த இசையைத் தேடிக் கடல் கடந்தவர். அங்கே மேப்பிள் லீஃப் என்னும் மதுக்கூடத்துக்கு வண்ணம் பூசும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த ஊரின் பியானோ மேதை ஜேம்ஸ் புக்கர் வாசித்துவந்த இடம் அது. கூலிக்கு வேலை செய்த இடமே அவருக்குப் பாடசாலையும் ஆயிற்று. புக்கர் 1983-இல், 43 வயதில் மறைந்தார்.

இந்த மரபின் உயிர்நாடி இடக்கையில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘புரொஃபசர் லாங்ஹேர்’ என்று ஊர் அழைத்த ஹென்றி ரோலண்ட் பேர்ட், சிறுவயதில் கட்டைகள் சில உடைந்துபோன பழைய பியானோக்களில் கைபழகியவர். எட்டு மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து அழுத்தம் தரும் கியூபா நாட்டு நடையை இடக்கை விடாமல் பிடித்திருக்க, வலக்கை, கறுப்பின அமெரிக்கரின் ப்ளூஸ் இசைச் சுரங்களை உருட்டிக்கொண்டு அதன்மேல் ஓடும். போதாக்குறைக்குப் பியானோவின் அடிப்பலகையைக் காலால் உதைத்துத் தாளமும் போடுவார். கியூபாவின் ஹவானாவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே நெடுங்காலம் நடந்த கப்பல் போக்குவரத்து இல்லையென்றால் இந்த நடை பிறந்திருக்குமா என்பது ஐயமே. அப்படிப்பட்டவரை 1960-களில் ஊர் மறந்தது. இசைத்தட்டுக் கடையைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவரை 1971-இல் ஜாஸ் விழா மேடைதான் மீட்டெடுத்தது.

கிளியரி வாசிக்கும்போது அந்த இடக்கை அப்படியே கேட்கிறது. ஆனாலும் அவர் முன்னோரைப் படியெடுப்பதோடு நின்றுவிடவில்லை. அந்த நடையின்மேல் தம் சொந்தப் பாடல்களைக் கட்டுகிறார். அவ்வாறு அமைந்த ‘கோகோ ஜூஸ்’ தொகுப்புக்கு 2016-இல், வட்டார வேரிசை என்னும் மண்சார்ந்த மரபிசைப் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. ஹவாய் இசையையும் போல்கா நடன இசையையும் லூசியானா இசையையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அந்தப் பிரிவின்மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. என்னைக் கேட்டால், அதே தொகுப்பின் ஊதுகருவிப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை, அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மூத்த மேதை அலன் டூசான்ட் அமைத்துக் கொடுத்தாரே, அதைத்தான் கிளியரிக்குக் கிடைத்த பெரிய விருது என்பேன்.