நெட்வொர்க் அனுப்பினா போதாது, உள்ளூர் ஸ்டேஷன் விடணும்: ஜாக்ஸன் ஊர் சேனல் 3 கதை

வணக்கம் மக்களே! 2025 செப்டம்பர்ல அமெரிக்க காமெடியன் ஜிம்மி கிம்மலோட ராத்திரி நிகழ்ச்சியை ஏபிசிங்கிற டிவி நெட்வொர்க் நிறுத்தி, ஒரு வாரத்துக்குள்ள திரும்பவும் ஆரம்பிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா ஏபிசி போட ஆரம்பிச்ச அன்னிக்கும் அமெரிக்காவுல பல ஊர்ல அது வரலை. சின்க்ளேர், நெக்ஸ்டார்னு ரெண்டு கம்பெனி, தங்களோட கையில இருந்த ஏபிசி ஸ்டேஷன்கள்ல அதை விடவே இல்ல. இன்னும் சில நாள் கழிச்சுதான் விட்டாங்க. சேனலே போடுறேன்னு சொல்லும்போது இவங்க யாரு தடுக்கன்னு கேட்கத் தோணும்ல? அதைத்தான் இன்னிக்கு பேசப் போறோம்.

நம்ம ஊர்ல ஒரு சேனல்னா சென்னையில ஏத்துறதுதான் திருநெல்வேலிக்கும் போகும். அமெரிக்காவுல அப்படி இல்ல. ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் எல்லாம் நெட்வொர்க். நாடகம், ராத்திரி செய்தி, ஃபுட்பால் மேட்ச், இதெல்லாம் அவங்க தருவாங்க. ஆனா பெரும்பாலான ஊர்கள்ல அதை ஒளிபரப்புற ஸ்டேஷன் வேற ஆளோட சொத்து. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி பெரிய ஊர்கள்ல நெட்வொர்க்கே ஸ்டேஷன் வச்சிருக்கும். மத்த இடத்துல எல்லாம் ஒப்பந்தம்தான். இவங்களைத்தான் அஃபிலியேட்னு சொல்றாங்க. உள்ளூர் செய்தி, மழை புயல் எச்சரிக்கை, உள்ளூர் விளம்பரம் எல்லாம் இவங்க பொறுப்பு. லைசென்ஸும் இவங்க பேர்லதான் இருக்கும், நெட்வொர்க் பேர்ல இருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். நெட்வொர்க் அனுப்புற நிகழ்ச்சி வேண்டாம்னு தோணினா உள்ளூர் ஸ்டேஷன் மறுக்கலாம், அந்த உரிமையை ஒப்பந்தம் போட்டுப் பிடுங்கக் கூடாதுன்னு எஃப்சிசி, அதாவது ஸ்டேஷன்களுக்கு லைசென்ஸ் குடுக்கிற அமெரிக்க அரசு அமைப்பு, 1941-லயே விதி கொண்டு வந்துடுச்சு. நெட்வொர்க் உள்ளூரை நசுக்கிடக் கூடாதுன்னு கொண்டு வந்த விதி அது. நல்ல நோக்கம்தான். ஆனா அந்த உள்ளூர் ஆளே மோசமா இருந்தா?

மிஸ்ஸிஸிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்ஸன். அங்க சேனல் 3, டபிள்யூஎல்பிடி, என்பிசியோட அஃபிலியேட். 1953-ல ஆரம்பிச்சது, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட ஸ்டேஷன். அது ஒளிபரப்புன பகுதியில கிட்டத்தட்ட 45 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். ஆனா அந்த ஸ்டேஷன் மேனேஜர் வெள்ளையர் ஆதிக்கத்தைக் காப்பாத்தவே உருவான சிட்டிசன்ஸ் கவுன்சில்ல உறுப்பினர்! 1955-ல நெட்வொர்க் நிகழ்ச்சி ஒண்ணுல தர்குட் மார்ஷல் பேசினார். கறுப்பின மக்களுக்காக கோர்ட்ல வாதாடின வக்கீல், பின்னாடி சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆனவர். ஜாக்ஸன்ல டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தவங்களுக்கு அவர் முகம் தெரியலை. 'மன்னிக்கவும், கேபிள்ல கோளாறு'ன்னு ஒரு அட்டை வந்து நின்னுச்சு. கோளாறு ஒண்ணும் இல்ல, வேணும்னே நிறுத்தினாங்கன்னு எஃப்சிசிக்கு புகார் போச்சு.

1963 மே மாசம். ஜாக்ஸன் மேயர் டிவியில பேசினதுக்கு பதில் சொல்ல நேரம் கேட்டு மெட்கர் எவர்ஸ்னு ஒரு கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் போராடினார். எஃப்சிசி நெருக்கடியும் சேர, அதே ஸ்டேஷன்ல 17 நிமிஷம் கிடைச்சுது. அந்தப் பேச்சை அவசியம் தேடிப் படிங்க. ஆப்பிரிக்காவுல காங்கோக்காரர் ரயில் எஞ்சின் ஓட்டலாம்னு இங்க இருக்கிற கறுப்பினத்தவனுக்குத் தெரியும், ஆனா ஜாக்ஸன்ல அவனுக்கு குப்பை லாரி ஓட்டக்கூட வேலை கிடைக்காதுன்னு சொன்னார். ஒரு மாசம்கூட ஆகல. ஜூன் 12, வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க. 17 நிமிஷம் டிவியில வர்றதுக்கு அந்த ஊர்ல என்ன விலைன்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பெருசா படுது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட்னு ஒரு திருச்சபை. அதோட தகவல்தொடர்புப் பிரிவை நடத்தினவர் எவரெட் பார்க்கர். 1964 மார்ச் முதல் வாரம் ஜாக்ஸன்ல தன்னார்வலர்களை ரகசியமா டிவி முன்னாடி உட்கார வச்சார். காலையில ஸ்டேஷன் ஆரம்பிக்கிறதுல இருந்து ராத்திரி மூடுற வரைக்கும் பார்த்துக் குறிப்பெடுக்கணும். கறுப்பின முகம் எத்தனை தடவை வந்துச்சு, யாரைப் பேச விட்டாங்க, அவங்களை மரியாதையா மிஸ்டர், மிஸஸ்னு சொன்னாங்களா... அவ்வளவுதான் வேலை. ஆனா பேர் வெளிய வந்தா உயிருக்கே ஆபத்து, அதனால யார் யார்னு யாருக்கும் சொல்லலை. அந்தக் குறிப்புகளை வச்சு, ஆரன் ஹென்றி, ராபர்ட் ஸ்மித்னு உள்ளூர் தலைவர்களும் சேர்ந்து, லைசென்ஸைப் புதுப்பிக்காதீங்கன்னு எஃப்சிசிகிட்ட மனு போட்டாங்க.

எஃப்சிசி என்ன சொல்லுச்சு தெரியுமா? உங்களுக்கு வழக்காட உரிமையே இல்லன்னுடுச்சு. அதுவரைக்கும் ஒண்ணு நீங்க போட்டி வியாபாரியா நஷ்டப்பட்டிருக்கணும், இல்லேன்னா உங்க அலைவரிசையில அவங்க அலை வந்து குறுக்கிட்டிருக்கணும். வீட்ல உட்கார்ந்து பார்க்கிற ஜனங்க கணக்குலயே கிடையாது! ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சும் குடுத்துட்டாங்க.

1966-ல வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவுத்துச்சு. தீர்ப்பு எழுதினவர் வாரன் பர்கர், பழமைவாதின்னு பேர் எடுத்தவர். பார்க்கிறவங்களுக்கும் கேள்வி கேட்க உரிமை இருக்கு, லைசென்ஸ்ங்கிறது மக்கள் நம்பிக் குடுத்த பொறுப்பு, தவறினா பறிக்கலாம்னு எழுதினார். எஃப்சிசி அப்பவும் அடங்கலை, விசாரணை நடத்திட்டு திரும்பப் புதுப்பிச்சுது. 1969-ல மறுபடி பர்கர்தான், இந்த வழக்குல எஃப்சிசி நடந்துக்கிட்ட விதம் சரிசெய்யவே முடியாத அளவுக்குப் போயிடுச்சுன்னு எழுதி லைசென்ஸை ரத்து பண்ணச் சொன்னார். கொஞ்ச நாள்லயே சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாவும் ஆயிட்டார்.

1971-ல லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு ஸ்டேஷனை இடைக்காலமா எடுத்து நடத்துச்சு. அடுத்த வருஷம் வில்லியம் டில்டே ஜெனரல் மேனேஜரா வந்தார். தென் மாநிலங்கள்ல டிவி ஸ்டேஷனுக்கு அந்தப் பதவியில வந்த முதல் கறுப்பினத்தவர். நெட்வொர்க் அதே என்பிசி, சேனல் நம்பரும் அதே 3. யார் கையில இருக்குங்கிறது மட்டும்தான் மாறுச்சு, ஆனா திரையில தெரிஞ்ச ஊரே வேற ஆயிடுச்சு.

அதனாலதான் கிம்மல் விவகாரத்தை ஒரு காமெடியன் சண்டையா மட்டும் என்னால பார்க்க முடியலை. அன்னிக்கு ஒரு ஊர்ல ஒரு மேனேஜர் நிறுத்தினார். இப்ப ஒரே கம்பெனி எடுக்கிற முடிவு ஒரே ராத்திரியில பல மாநிலங்களுக்குப் பாயுது. மறுக்கிற உரிமை ஸ்டேஷனுக்கு இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்த ஊரைத் தெரிஞ்ச ஒருத்தர், அந்த ஊருக்காக அதைப் பயன்படுத்தணும்.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம். உங்க ஊர் ஸ்டேஷனோட எழுத்துகள், டபிள்யூ (W) இல்லேன்னா கே (K)-ல ஆரம்பிக்குமே, அதை எஃப்சிசியோட பொதுக் கோப்பு தளத்துல போட்டுத் தேடுங்க. முதலாளி யாரு, தேர்தல் விளம்பரத்துக்கு யார் காசு குடுத்தாங்க, எல்லாம் இருக்கும். லைசென்ஸ் இப்ப எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அந்த நேரத்துல நீங்களும் மனு போடலாம். அந்த வாசலைத் திறந்து விட்டது ஜாக்ஸன்காரங்க போட்ட வழக்குதான். சரி மக்களே, அடுத்த வீடியோவுல பார்ப்போம். வணக்கம்.